ஓடும் மோட்டாரை ஓட்டத்திலேயே பிடிப்பது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதக் கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் வெவ்வேறு தொழில்களிலிருந்தும் வந்திருந்தாலும், அவற்றுள் பல ஒரே சிக்கலையே கேட்கின்றன: மின்சாரம் போய்விட்டது, மோட்டார் இன்னும் நிற்கவில்லை, அதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது, இப்போது டிரைவை ஓட்டலாமா? ஆகையால் இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். டிரைவை இன்வெர்ட்டர் என்றும் சொல்வதுண்டு; இன்வெர்ட்டர் என்றதும் மாடிப்படிக்குக் கீழே பேட்டரியோடு இருக்கும் வீட்டுப் பெட்டியை நினைப்பவர்கள் உண்டு. இங்கே பேசப்படுவது ஆலைகளில் வி.எஃப்.டி. என்றும் டிரைவ் என்றும் வழங்கும் கருவி. வரும் மின்சாரத்தை முதலில் நேர்திசை மின்சாரமாக்கி, பின்பு வேண்டிய அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் உடைய மாறுதிசை மின்சாரமாக்கி மோட்டாருக்குக் கொடுப்பது.

கேள்வி: திருப்பூர் அருகே ஒரு சாயப்பட்டறையில் மின் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். எங்கள் விறகு பாய்லரின் ஐ.டி. ஃபேன் (உலையிலிருந்து புகையை இழுத்து வெளியேற்றுவது) 50 எச்.பி. மோட்டாரில், டிரைவ் வழியாக ஓடுகிறது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்ததும் டிரைவை ஓட்டினால் சில நேரம் 'ஓவர் கரன்ட்' என்றும் சில நேரம் 'ஓவர் வோல்டேஜ்' என்றும் டிரிப் ஆகிறது. ஃபேன் முழுவதும் நின்றபின் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அது நிற்க ஐந்தாறு நிமிடம் ஆகிறது; அதற்குள் பாய்லர் கதவு வழியே புகை வெளியே வந்துவிடுகிறது. டிரைவ் பழுதாகிவிட்டதா? ஒரே காரணத்துக்கு இருவகை டிரிப் வருமா?

பதில்: டிரைவில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, நின்ற மோட்டாரை அது ஒழுங்காக ஓட்டுகிறதே. மோட்டார் நின்றுகொண்டிருக்கிறது என்று கருதி அது தொடங்குகிறது, மோட்டாரோ நிற்கவில்லை. இரண்டு டிரிப்புக்கும் வேர் அந்தப் பொருத்தமின்மைதான்.

உங்களுடையது நான்கு துருவ மோட்டார் என்று கொள்கிறேன். 50 ஹெர்ட்ஸில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். சுழலி அதற்குச் சற்றுப் பின்தங்கி 1,450 சுற்றை ஒட்டி ஓடும். இந்தப் பின்தங்கலுக்கு நழுவல் என்று பெயர். நழுவல் சிறிதாக இருக்கும்வரை மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அளவோடு இருக்கும். இப்போது, மின்சாரம் போனபின் உங்கள் ஃபேன் 900 சுற்றுக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது 30 ஹெர்ட்ஸுக்குச் சமம். அந்நேரத்தில் டிரைவ் வழக்கம்போல் அரை ஹெர்ட்ஸ், ஒரு ஹெர்ட்ஸ் என்று கீழிருந்து தொடங்கினால், காந்தப்புலம் 30 சுற்று வேகத்திலும் சுழலி 900 சுற்று வேகத்திலும் இருக்கும். சுழலி புலத்தை முந்திக்கொண்டு ஓடுவதால் மோட்டார் அக்கணமே ஜெனரேட்டராக மாறுகிறது. தன்னைத் தானே பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. வேக வேறுபாடு பெரிதாக இருப்பதால் சுருள்களில் மின்னோட்டம் எகிறும். இந்தக் கட்டத்தில் டிரிப் ஆனால் திரையில் தெரிவது ஓவர் கரன்ட்.

இந்த முதற்கட்டத்தில் ஃபேன் சக்கரத்தின் ஆற்றல் பெரும்பாலும் சுழலிக்குள்ளேயே வெப்பமாகிவிடுவதால் டிரைவுக்குள் அதிகம் திரும்புவதில்லை. டிரைவ் தன் மின்னோட்ட வரம்புக்குள் தாக்குப்பிடித்து அதிர்வெண்ணை 15, 20 ஹெர்ட்ஸ் என்று உயர்த்திக்கொண்டே போனால் நிலைமை மாறுகிறது. நழுவல் குறையக் குறைய மோட்டார் உண்மையிலேயே நல்ல ஜெனரேட்டராகிவிடும். ஆற்றல் டிரைவின் நேர்திசைப் பாதையில் இருக்கும் மின்தேக்கிகளில் வந்து குவியும். உள்ளீட்டுப் பக்கம், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பாலமாக இருப்பதால் அது வெளியே மின்கம்பிக்குத் திரும்பவும் வழியில்லை. 415 வோல்ட் இணைப்பில் சாதாரணமாக 560 முதல் 590 வோல்ட் வரை நிற்கும் அந்தப் பாதை, 800 வோல்ட்டை ஒட்டி ஏறியதும் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. இதுதான் ஓவர் வோல்டேஜ். ஆக, ஒரே காரணம் எந்தக் கட்டத்தில் டிரைவை மடக்குகிறதோ அதற்கேற்ற பெயரில் டிரிப் வருகிறது.

குவியும் ஆற்றல் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் பெருமை தெரியும். ஃபேன் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு, 40 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்று எடுத்துக்கொள்வோம். 900 சுற்றில் அதில் தேங்கியிருப்பது ஏறத்தாழ 1,78,000 ஜூல். டிரைவின் மின்தேக்கி 2,000 மைக்ரோஃபாரட் என்றால், 580 வோல்ட்டிலிருந்து 800 வோல்ட்டுக்கு ஏறும்வரை அது வாங்கிக்கொள்ளக்கூடியது 304 ஜூல் மட்டுமே. குளத்து நீரைச் செம்பில் பிடிக்கப் பார்ப்பது போலத்தான். குளத்தில் நூற்றில் ஒரு பங்கு திரும்பினாலும் செம்பு வழிந்துவிடும்.

ஃபேன் நிற்க ஏன் இத்தனை நேரம் என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. ஃபேனை நிறுத்துவது காற்றின் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். மேலே சொன்ன சக்கரம் 37 கிலோவாட் சுமையிலிருந்து விடுபட்டால் பாதி வேகத்துக்கு வர ஏறக்குறைய 25 நொடி ஆகும். அங்கிருந்து கால் வேகத்துக்கு வர மேலும் 50 நொடி, அரைக்கால் வேகத்துக்கு வர இன்னும் 100 நொடி. கடைசியில் பேரிங் உராய்வுதான் அதை நிறுத்தும். ஜெனரேட்டர் சுமையேற்க 15 நொடி ஆகிறது என்றால் அப்போது ஃபேன் நாம் எடுத்துக்கொண்ட 900 சுற்றில்தான் இருக்கும். நீங்கள் காத்திருக்கும் ஐந்தாறு நிமிடத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசிச் சில நூறு சுற்றுகளுக்காகவே கழிகிறது.

இதற்கான தீர்வு உங்கள் டிரைவுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு மிகுதி. டான்ஃபாஸ் இதனை ஃப்ளையிங் ஸ்டார்ட் என்றும், யாஸ்காவா ஸ்பீடு சர்ச் என்றும், ஷ்னைடர் கேட்ச் ஆன் தி ஃப்ளை என்றும், சீமென்ஸ் ஃப்ளையிங் ரீஸ்டார்ட் என்றும் அழைக்கின்றன. மிட்சுபிஷி டிரைவுகளில் 57-ஆம் அமைப்பு 9999 என்றே ஆலையிலிருந்து வருகிறது. அந்த எண் இருக்கும்வரை இந்த வசதி உறங்கிக்கொண்டிருக்கும். பெயர்கள் பலவானாலும் செயல் ஒன்றுதான். ஓடும் பேருந்தின் படியில் ஏறுபவர் முதலில் அதன் வேகத்துக்குத் தாமும் ஓடி, பிறகுதான் கம்பியைப் பிடிப்பார். டிரைவும் முதலில் சுழலியின் வேகத்தைக் கண்டுபிடித்து, அதே அதிர்வெண்ணில், குறைந்த மின்னழுத்தத்தோடு சேர்ந்துகொண்டு, மின்னழுத்தத்தை மெல்ல உரிய அளவுக்கு உயர்த்தி, அதன்பின்னரே வேகத்தைக் கூட்டுகிறது.

வேகத்தைக் கண்டுபிடிப்பதில் வழிகள் சில உண்டு. சுழலியின் வேகத்தை அளந்து சொல்லும் என்கோடர் இருந்தால் தேடவே தேவையில்லை. இல்லாதபோது பெரிதும் கையாளப்படும் முறை, உச்ச அதிர்வெண்ணிலிருந்து கீழ்நோக்கித் துழாவி வருவது. மிகக் குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தபடி அதிர்வெண்ணை 50-லிருந்து இறக்கிக்கொண்டே வந்தால், சுழலியின் வேகத்தை நெருங்கும்போது மின்னோட்டம் சட்டென்று சரியும், ஏனெனில் நழுவல் இல்லாதபோது காந்தமாக்கும் மின்னோட்டம் மட்டுமே ஓடும். அந்தச் சரிவைக் கண்ட இடத்தில் டிரைவ் பிடித்துக்கொள்கிறது. ஏன் மேலிருந்து கீழே? புலம் சுழலியைவிட வேகமாக இருக்கும்வரை மோட்டார் மோட்டாராகவே இருக்கும், மின்தேக்கி நிரம்பும் அச்சமில்லை. கீழிருந்து தேடினால் நீங்கள் இப்போது படும் பாட்டையே சிறிய அளவில் படவேண்டும். நேரடியாக வேகத்தை மதிப்பிடும் வெக்டர் முறை டிரைவுகளும் இருக்கின்றன. அவை விரைவானவை, ஆனால் மோட்டார் தகட்டு விவரங்களும், டிரைவே மோட்டாரை அளந்து பதியும் ஆட்டோ டியூனும் சரியாக இருந்தால்தான் நம்பத் தகுந்தவை.

இந்த வசதியை இயக்கியபிறகும் பிடிக்காமல் நழுவினால் சரிபார்க்க வேண்டியவை: தகட்டிலுள்ள மின்னோட்டம், அதிர்வெண், சுற்று வேகம் ஆகியவை அப்படியே பதியப்பட்டுள்ளனவா என்பது, தேடல் வேகம் மிகக் கூடுதலாக இருந்து உண்மையான வேகத்தைத் தாண்டிப் போய்விடுகிறதா என்பது, தேடல் மின்னோட்ட வரம்பு மோட்டாரின் காந்தமாக்கும் மின்னோட்டத்தைவிடக் குறைந்துவிட்டதா என்பது. மோட்டாரைவிட மிகப் பெரிய டிரைவ் பொருத்தப்பட்ட இடங்களிலும், கேபிள் நீளமாக உள்ள இடங்களிலும் அளவீடு ஏமாற்றும். ஒரே டிரைவில் பல மோட்டார்கள் இணைந்திருந்தால் இந்த வசதியை நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் இருக்கும்போது எதைப் பிடிப்பது?

பாய்லர் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.டி. ஃபேன் நின்றால், உலைக்குள் காற்றைத் தள்ளும் எஃப்.டி. ஃபேனும் விறகு அல்லது எரிபொருள் ஊட்டியும் அதே நொடியில் நிற்க வேண்டும், ஐ.டி. ஃபேன் பிடிபட்டு உலைக்குள் இழுவை நிலைபெற்ற பிறகே மற்றவை வரிசையாகத் தொடங்க வேண்டும். டிரைவ் தானாக மீண்டும் ஓடும்படி அமைத்துவிட்டு இந்த இன்டர்லாக்கை மறந்தால், இப்போது கதவு வழியே வரும் புகைக்குப் பதிலாக ஒருநாள் தீநாக்கு வரும். எனவே மறுதொடக்க ஆணை டிரைவின் தானியங்கி வசதியிலிருந்து வராமல் பாய்லர் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து வரட்டும். பிடிக்கும் வேலையை மட்டும் டிரைவிடம் விடுங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 150 எச்.பி. குளிர்நீர்ப் பம்புக்கு டிரைவும், அது பழுதானால் நேரடியாக ஓட்ட பைபாஸ் கான்டாக்டரும் இருக்கின்றன. டிரைவிலிருந்து பைபாஸுக்கு உடனே மாற்றினால் பெரும் சத்தத்தோடு பிரேக்கர் விழுகிறது. ஐந்து நொடி விட்டு மாற்றினால் விழுவதில்லை. பம்ப் அதற்குள் வேகம் குறைந்துவிடுமே, குறைந்த வேகத்தில் சேர்ப்பது எப்படி எளிதாகிறது?

பதில்: இந்த முரண் பலரைக் குழப்புவது. மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்ததும் சுழலியிலுள்ள காந்தம் உடனே மறைவதில்லை. அது மெல்லத் தேய்கிறது. சிறிய மோட்டாரில் ஒரு நொடியின் சிறு பகுதியில், நூறு கிலோவாட் அளவுள்ளவற்றில் ஒன்றிரண்டு நொடியில். அதுவரை சுழலி ஒரு காந்தமாகவே சுற்றுவதால் மோட்டார் முனைகளில் எஞ்சிய மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வேகம் குறைவதால் அதன் அதிர்வெண்ணும் குறைகிறது. மோட்டார் 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, வாரியத்தின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டும் நொடிக்கு இருமுறை ஒன்றையொன்று முந்திச் செல்கின்றன. அதாவது ஒத்திருந்த நிலையிலிருந்து நேர் எதிரான நிலைக்குப் போகக் கால் நொடி போதும். அந்தக் கால் நொடியில், எஞ்சிய மின்னழுத்தம் இன்னும் 80 விழுக்காடு இருக்கும்போது கான்டாக்டர் சேர்ந்தால், மோட்டார் உணர்வது 100 விழுக்காடு அன்று, 180 விழுக்காடு. நேரடித் தொடக்கத்தில் ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் மோட்டார் அப்போது பதினொரு மடங்கை நெருங்கும். பிரேக்கர் விழுந்தது உங்கள் நல்லூழ். முறுக்குவிசையின் அதிர்ச்சி கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சாப்பிட்டிருக்கும்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இது பழகிய செய்திதான். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும்போது வரும் அந்த 'டக்' என்ற உதறல், சேரும் கணம் எந்த நிலையில் அமைகிறது என்பதைப் பொறுத்து ஒருநாள் மெலிதாகவும் ஒருநாள் பலமாகவும் இருப்பதைக் கவனித்திருப்பார்கள்.

மாற்றத்துக்கான இடைவெளியை, சுழலியின் காந்தம் தேயும் காலமாறிலியை (ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கு இறங்க ஆகும் நேரம்) போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அப்போது எஞ்சிய மின்னழுத்தம் 22 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும். உங்கள் மோட்டாருக்கு மூன்று நொடி போதுமானதாகவே இருக்கும். நீங்கள் விடும் ஐந்து நொடியில் குறையொன்றுமில்லை. இதே விதி டிரைவுக்கும் பொருந்தும். பைபாஸிலிருந்து டிரைவுக்குத் திரும்பும்போது காந்தம் தேயும்வரை டிரைவ் காத்திருக்க வேண்டும். காந்தநீக்க நேரம் என்ற பொருளில் பல டிரைவுகளில் ஓர் அமைப்பு இருக்கும். தேடல் தோல்வியடையும் இடங்களில் பாதியிலாவது இந்த நேரம் குறைத்து வைக்கப்பட்டிருப்பதே காரணம் என்பது என் அனுபவம்.

பைபாஸ் உள்ளவர்கள் மறக்கக்கூடாத மற்றொன்று: டிரைவின் வெளியீட்டுக் கான்டாக்டரும் பைபாஸ் கான்டாக்டரும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக்கூடாது. மின்முறைத் தடுப்போடு இயந்திரத் தடுப்பும் வேண்டும். வாரியத்தின் மின்சாரம் டிரைவின் வெளியீட்டு முனையில் ஒரு கணம் ஏறினாலும் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களை அப்புறம் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். அதுபோல, டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியீட்டுக் கான்டாக்டரைப் பிரிக்காமல், முதலில் டிரைவுக்கு நிறுத்த ஆணை கொடுத்துவிட்டுப் பிறகு பிரிக்க வேண்டும்.

கேள்வி: என் தோட்டத்தில் சூரிய மின்சக்தியில் ஓடும் நீர்மூழ்கிப் பம்ப் போட்டிருக்கிறோம். மேகம் மறைத்தால் நின்றுவிடுகிறது. வெயில் வந்ததும் உடனே ஓடாமல் சில நிமிடம் சும்மா இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் அந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். ஃபேனுக்குச் சொன்ன மருந்து இங்கே நஞ்சு. பம்ப் நின்றதும் குழாயில் மேலேறியிருந்த நீர், தடுப்பு வால்வு இறுக்கமாக இல்லாவிட்டால், கிணற்றுக்குத் திரும்பி இறங்கும். இறங்கும் நீர் பம்பைத் தலைகீழாகச் சுற்றவைக்கும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்த்தூண் உயரமாக இருந்தால் அந்தப் பின்சுற்று வேகமாகவே இருக்கும். அந்நிலையில் முன்னோக்கி ஓட்டினால் ஷாஃப்டும் இணைப்பும் முறுக்கேறி உடையக்கூடும். உடைந்தது தெரிய நீங்கள் குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். நீர் இறங்கி முடியட்டும் என்பதற்காகவே அந்தக் காத்திருப்பு. வால்வைச் சரிபார்ப்பதுதான் உங்களுக்குரிய வேலை.

பின்சுற்று என்றதும் என் இளமைக் காலப் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு நூற்பாலையின் ஈரப்பதன அறையில் இரண்டு பெரிய ஃபேன்கள் ஒரே காற்றுப் பாதையில் இருந்தன. ஒன்று ஓடும்போது நின்றிருந்த மற்றது, காற்றை அடைக்கும் கதவான டேம்பர் சரியாக மூடாததால், எதிர்த்திசையில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நானோ அது முன்னோக்கித்தான் சுற்றுகிறது என்று நினைத்து, ஒரு திசையில் மட்டும் தேடும்படி டிரைவை அமைத்திருந்தேன். உச்சியிலிருந்து பூஜ்ஜியம்வரை துழாவிப் பார்த்த டிரைவ், மோட்டார் நிற்கிறது என்று முடிவு செய்து கீழிருந்து தொடங்கியது. மூன்றுமுறை டிரிப் ஆகி, நான்காவது முறை பெல்ட் புகைந்தது. தாள் துண்டு ஒன்றைக் காற்றுப் பாதையருகே பிடித்துப் பார்க்கும் அறிவு அதன்பிறகுதான் வந்தது. காற்று எதிர்த்திசையில் சுற்றவைக்கக்கூடிய இடங்களில் இருதிசைத் தேடலை இயக்க வேண்டும். அதற்கும் ஒரு விலை உண்டு: மோட்டார் நின்றிருந்தால் தேடலின்போது அது ஒரு கணம் தவறான பக்கம் அசையலாம். எதிர்த்திசையில் அசையவே கூடாத இயந்திரங்களுக்கு ஆகாது.

கேள்வி: ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் டி.சி. பிரேக் போட்டு நிறுத்திவிட்டுப் பிறகு ஓட்டினால் எளிதல்லவா?

பதில்: எளிதுதான், மோட்டாருக்குச் சூடு. டி.சி. பிரேக் என்பது மோட்டார் சுருளுக்கு நேர்திசை மின்சாரம் கொடுத்துப் பிடிப்பது. அப்போது சக்கரத்தின் ஆற்றல் முழுவதும் சுழலிக்குள் வெப்பமாக இறங்குகிறது. முன்பு கணக்கிட்ட சக்கரம் முழுவேகத்தில் வைத்திருப்பது நாலரை லட்சம் ஜூலுக்கு மேல். நாளுக்கு ஒருமுறை என்றால் தாங்கும், மணிக்குப் பத்துமுறை என்றால் தாங்காது. காற்றால் மெதுவாகப் பின்சுற்றும் சிறிய ஃபேனுக்கு இம்முறை பொருத்தமே. அங்கும் காந்தம் தேயுமுன் டி.சி.யைச் செலுத்தினால் ஓவர் கரன்ட் வரும். கிரேன், லிஃப்ட் போன்ற தூக்கும் இயந்திரங்களில் சுழலும் மோட்டாரைப் பிடிக்கும் பேச்சே எழக்கூடாது. அங்கு மின்சாரம் போனால் இயந்திரப் பிரேக் பிடித்திருக்க வேண்டும். மோட்டார் சுற்றுகிறது என்றால் பாரம் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: கோவை மாவட்ட நூற்பாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மின்சாரம் முழுவதும் போவதில்லை; மழைக்காலத்தில் கண் சிமிட்டும் நேரம் விளக்கு மங்குகிறது, அவ்வளவுதான். அதற்கே வரிசையாக டிரைவுகள் நின்றுவிடுகின்றன. எல்லாவற்றிலும் ஃப்ளையிங் ஸ்டார்ட் போட்டுவிடலாமா?

பதில்: விழுந்தபின் தூக்குவதைவிட விழாமல் பார்ப்பது மேல். உள்ளீட்டு மின்னழுத்தம் தாழ்ந்ததும் டிரைவ் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்துச் சுழலியைவிடக் கீழே கொண்டுபோனால், மோட்டார் ஜெனரேட்டராகி மின்தேக்கிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும். முதல் பதிலில் தொல்லையாக இருந்த அதே நிகழ்ச்சி இங்கே துணையாகிறது. இயக்க ஆற்றலால் தாங்குதல் என்று இதைச் சொல்லலாம். கைனெட்டிக் பஃபரிங் என்ற பெயரில் அமைப்புப் பட்டியலில் தேடுங்கள். கனமான ஃபேன்களில் பல நொடிகள்கூடத் தாங்கும். காந்தம் விட்டுப்போகாததால் தேடலும் தேவையில்லை, காத்திருப்பும் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிரைவ் தாங்கினாலும், அதற்கு ஓட்ட ஆணை கொடுக்கும் சிறிய ரிலே அந்த மங்கலில் விழுந்துவிட்டால் டிரைவ் கீழ்ப்படிந்து நின்றுவிடும். வரிசையாக நிற்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு ஐயம் ரிலேயின் மேல்தான். கட்டுப்பாட்டுச் சுற்றுக்குத் தனியாக ஒரு சிறிய யு.பி.எஸ். கொடுத்துப் பாருங்கள். ஸ்பின்னிங் ஃபிரேமைப் பொறுத்தவரை நூல் அறுபடாமல் நிறுத்துவதே முதல் தேவை. உருளைகளும் கதிர்களும் ஒரே விகிதத்தில் வேகம் குறைய வேண்டும். அங்கே தனித்தனி டிரைவில் தனித்தனியாகப் பிடிக்கும் வசதியைப் போடுவது நூலை அறுப்பதற்கு நல்ல வழி. இயந்திரம் செய்தவரின் அமைப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஐ.டி.ஐ. மாணவன். பயிற்சிக்குப் போன இடத்தில், நிறுத்து பொத்தானை அழுத்தியபின் பெல்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூத்தவர் ஒருவர் டிரைவைத் திறந்து வேலை செய்தார். நிறுத்தியாகிவிட்டதே, என்ன ஆபத்து என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை, தம்பி, அவரிடம் வாதாட வேண்டாம், நீங்கள் அப்படிச் செய்யாமல் இருந்தால் போதும். நிறுத்து பொத்தான் டிரைவுக்கு ஒரு வேண்டுகோள் மட்டுமே. அது மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. நீங்கள் இப்பகுதியில் படித்த தானியங்கி மறுதொடக்கம் இயக்கப்பட்டிருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில், யாரும் எதையும் தொடாமலேயே இயந்திரம் ஓடத் தொடங்கும். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பெல்ட்டைப் பார்த்து நிற்கப்போகிறது என்று எண்ணிக் கையை நீட்டியவருக்கு, அது வேகம் கூடப்போகிறது என்பது தெரியாது. இந்த வசதி உள்ள இயந்திரத்தின்மேல், தானாக ஓடும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சுழலும் ஆபத்தான பாகங்களுக்குக் காப்புவேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டிருந்தது.

செய்ய வேண்டிய முறை இது. உள்ளீட்டு ஐசொலேட்டரைப் பிரித்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நின்றதைக் கண்ணால் பாருங்கள். காற்றோ நீரோ அதைத் திருப்பக்கூடும் என்றால் அதையும் தடுத்துக் கட்டுங்கள். டிரைவின் மூடியில் அச்சிட்டிருக்கும் நிமிடங்கள், பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து, முழுதாகக் காத்திருங்கள்; மின்தேக்கிகள் காலியாக அந்நேரம் வேண்டும். அதன்பிறகும் நேர்திசை முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு பி.எல்.டி.சி. மின்விசிறியை நிறுத்தி உடனே போட்டால் சில நொடி தயங்கிவிட்டுத்தான் ஓடுகிறது. பழைய விசிறி அப்படிச் செய்ததில்லை. குறையா?

பதில்: குறையில்லை. பழைய விசிறி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரே ஓடுவது. எந்த வேகத்தில் இருந்தாலும் அதே புலத்தோடு சேர்ந்துகொள்ளும். புதியதில் சுழலியில் நிலைக்காந்தம் இருக்கிறது. அதை ஓட்டும் சிறிய இன்வெர்ட்டர், சுழலியின் வேகத்தை மட்டுமல்லாமல், காந்தம் அக்கணம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் அறிந்தால்தான் சரியாகத் தள்ள முடியும். சில விசிறிகள் அதைக் கண்டறிந்து பிடிக்கும். சில, நிற்கும்வரை காத்திருக்கும் அல்லது பிடித்து நிறுத்திவிட்டுத் தொடங்கும். உங்களுடையது இரண்டாவது வகை.

இதே நிலைக்காந்த மோட்டார்கள் இப்போது கம்ப்ரஸர்களிலும் குளிரூட்டும் கோபுர ஃபேன்களிலும் பெரிய அளவில் வந்துவிட்டதால், ஆலைகளில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இதுவரை பேசிவந்த சாதாரணத் தூண்டல் (இன்டக்ஷன்) மோட்டாரில் சில நொடியில் தேய்ந்துபோகும் காந்தம் இவற்றில் தேய்வதே இல்லை. ஐசொலேட்டரைப் பிரித்து, மின்தேக்கி காலியாகக் காத்திருந்து, எல்லாம் முறைப்படி செய்தபின்னும், காற்றில் ஃபேன் மெல்லச் சுற்றினால் மோட்டார் முனைகளில் மின்னழுத்தம் இருக்கும். வேகமாகச் சுற்றினால் அது டிரைவின் டயோடுகள் வழியே மின்தேக்கிகளை மறுபடி நிரப்பவும் செய்யும். இவ்வகை மோட்டாரின் கேபிளைக் கழற்றுமுன் ஷாஃப்டை நகராமல் கட்டிவிடுங்கள்; கட்டியபின் மூன்று முனைகளுக்கிடையே மீட்டர் வைத்துப் பாருங்கள்.